உயிலும் வீடும்: தள்ளிப்போட்டதால் வந்த கஷ்டங்கள்

(திருப்பதியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

பேச ஆரம்பிக்கும் முன்பு ஒரு கேள்வி கேட்டேன். இங்கே வந்திருப்பவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் கை தூக்குங்கள் என்றதும் முக்கால்வாசி ஹால் கை தூக்கியது. உயில் எழுதி வைத்திருப்பவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள் என்றேன். ஆறு கைகள் மிஞ்சின. அதில் ஒருவர், "எழுதி வெச்சிருக்கேன், ஆனா கையெழுத்து போடலை" என்றார். ஆக ஐந்து.

நம்மவர்களுக்குப் படிப்பு உண்டு, கணக்கு உண்டு, எல்.ஐ.சி. பாலிசி நம்பர் மனப்பாடமாக உண்டு. உயில் என்றால் மட்டும் வாயில் வரக்கூடாத வார்த்தை. சித்தூர் கோர்ட்டில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வக்கீலாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் பார்த்த குடும்ப வழக்குகளில் பாதிக்கு மேல் யாரும் யாரையும் ஏமாற்ற நினைத்து வந்தவை அல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர் சொல்லாமல் போனதால் வந்தவை.

முதலில் நம் பக்கத்துப் பத்திரங்களைப் பற்றி. பம்பாயிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு இந்தப் பத்திரிகையைப் படிக்கும் அங்கத்தினர்கள் பலருக்குச் சித்தூரிலோ, நகரியிலோ, புத்தூரிலோ ஒரு பூர்வீக வீடு இருக்கிறது. அந்த வீட்டின் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். தாத்தா வாங்கிய கிரயப் பத்திரம் தமிழில் இருக்கும். அப்பா காலத்துப் பாகப்பிரிவினை தெலுங்கில் இருக்கும். நீங்கள் பாங்கில் கடன் வாங்கியபோது எழுதியது இங்கிலீஷில் இருக்கும்.

காரணம் சரித்திரம். 1911ல் வட ஆற்காடு, கடப்பை ஜில்லாக்களிலிருந்து பிரித்துச் சித்தூர் ஜில்லா உண்டாயிற்று. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறக்கும் வரை நாம் மதராஸ் ராஜ்யம். 1960 ஏப்ரலில் எல்லை மாற்றத்தின்போது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி ஜில்லா ஆகிவிட்டது. வீடு நகரவில்லை, ஆனால் அதன் ரிக்கார்டு எந்த ஆபீஸில் தேட வேண்டும் என்பது மூன்று தலைமுறையில் பல தடவை மாறிவிட்டது. வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி., கம்ப்யூட்டரில் 1983 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதை சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் மனுப் போட்டுப் பழைய புஸ்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். தாத்தாவின் தமிழ்ப் பத்திரத்தைப் படித்துச் சொல்லக்கூடிய தெலுங்கு குமாஸ்தா இன்று அபூர்வம். உங்கள் பிள்ளைகளுக்கோ இரண்டு பாஷையும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் நீங்கள் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த வீடு யாரிடமிருந்து யாருக்கு எந்த வருஷம் எந்தப் பத்திர நம்பரில் வந்தது, சர்வே நம்பர் அல்லது டோர் நம்பர் என்ன, நாலு எல்லை என்ன. அரை மணி நேர வேலை. இது உயில் அல்ல. ஆனால் உயிலுக்கு அஸ்திவாரம்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1956ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டம் உங்களுக்காக ஒரு உயில் எழுதி வைத்திருக்கிறது. ஆண் இறந்தால் அவருடைய சுயார்ஜித சொத்து மனைவி, பிள்ளைகள், பெண்கள், தாயார் எல்லோருக்கும் சமபங்கு. தாயாரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாற்பத்தைந்து வயதில் பிள்ளை போய், எண்பது வயதுத் தாயார் உயிரோடு இருந்தால், அவர் பெங்களூரில் வாங்கிய ஃப்ளாட்டில் அந்த அம்மாளுக்கும் பங்கு உண்டு. தகப்பனாருக்கு அந்த முதல் வகுப்பில் இடமில்லை. பிறகு அந்த அம்மாளும் காலமானால் அவர் பங்கு மற்ற பிள்ளை, பெண்களுக்கும் பிரியும். அதாவது ஃப்ளாட்டை விற்க மருமகள் தன் மைத்துனர்களிடமும் நாத்தனார்களிடமும் கையெழுத்துக்கு நிற்க வேண்டும்.

பெண்கள் விஷயம் இதைவிடக் கடினம். இதைச் சட்டப் புஸ்தகத்திலிருந்து சொல்ல மாட்டேன். என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

என் அத்தைக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அத்திம்பேர் காலமாகிவிட்டார். குழந்தை இல்லை. பிறந்த வீட்டுக்கு வந்தவள் டிரெயினிங் படித்து, சித்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராகி, 1967ல் தன் சம்பாத்தியத்தில் ஒரு வீடு வாங்கினாள். ஓட்டு வீடு, பின்னால் இரண்டு தென்னை. ரிடையர் ஆனபிறகு கண் பார்வை போயிற்று. என் சித்தப்பாவின் பெண், கல்யாணம் செய்துகொள்ளாதவள், கூடவே இருந்து பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டாள். வீடு அவளுக்குத்தான் என்று அத்தை ஊரெல்லாம் சொல்வாள். ஒரு நாள் நான், "அத்தை, அதை ஒரு காகிதத்துல எழுதிடலாமே" என்றேன். "என்னடா, நான் போறதுக்கு நாள் பாத்துட்டியா?" என்று சிரித்தாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. தினம் நாலு பேருக்கு உயில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த வக்கீல்!

1998ல் அத்தை போனாள். சட்டத்தின் 15ஆம் பிரிவு என்ன சொல்கிறது? புருஷனும் குழந்தையும் இல்லாத ஹிந்து ஸ்திரீயின் சொந்த சம்பாத்தியம், அவள் உயில் எழுதாவிட்டால், முதலில் புருஷனுடைய வாரிசுகளுக்குப் போகும். பிறந்த வீட்டார் அதற்கும் பின்னால். தாய் தகப்பனிடமிருந்து வந்த சொத்தாக இருந்தால் மட்டும் தகப்பனார் வழிக்குத் திரும்பும். அத்தை வாங்கியது சம்பளத்தில். ஆகவே அத்திம்பேருடைய தம்பி பிள்ளைகள் இரண்டு பேர், அத்தையை ஐம்பது வருஷமாகக் கண்ணால் பார்க்காதவர்கள், சட்டப்படி சொந்தக்காரர்கள் ஆனார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. சுபஸ்வீகாரத்துக்கு வந்து, தயங்கித் தயங்கித்தான் பேசினார்கள். ஆனாலும் வீட்டை விற்றார்கள். என் தங்கை இரண்டு டிரங்குப் பெட்டியோடு வாடகை வீட்டுக்குப் போனாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இந்தப் பிரிவைச் சுப்ரீம் கோர்ட் 2009ல் ஓம்பிரகாஷ் வழக்கில் அப்படியேதான் படித்தது. அநுதாபம் வேறு, சட்டம் வேறு என்றது. 2025 நவம்பரில் அதே கோர்ட், ஹிந்துப் பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று வேண்டுகோளே விடுத்தது. சபையில் உள்ள அம்மாமார்களுக்கு, குறிப்பாகக் குழந்தை இல்லாதவர்களுக்கு, சொந்தச் சம்பளத்தில் சொத்து வாங்கியவர்களுக்கு, நான் கைகூப்பிக் கேட்கிறேன்: இந்த வாரமே எழுதுங்கள்.

பெண்கள் பங்கு என்று வந்துவிட்டதால் பூர்வீக சொத்தையும் சொல்லிவிடுகிறேன். இதில் நம் ஆந்திரா முந்திக்கொண்டது. என்.டி. ராமராவ் முதல் மந்திரியாக இருந்தபோது 1986ல் வந்த திருத்தம், 1985 செப்டம்பர் 5ஆம் தேதியிலிருந்து, அன்று கல்யாணமாகாத பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிள்ளையைப் போலவே பிறப்புரிமை கொடுத்தது. தமிழ்நாட்டில் அது 1989 மார்ச்சில்தான் வந்தது. நடுவில் மூன்றரை வருஷம் புத்தூரில் ஒரு நியாயம், பக்கத்துத் திருத்தணியில் ஒரு நியாயம்! பிறகு 2005 செப்டம்பர் 9 முதல் தேசம் பூராவும், கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதமின்றி. தகப்பனார் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தீர்ந்துவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி ஆன பாகப்பிரிவினைகளை அது கலைக்காது. "அவளுக்குத்தான் சீர் செனத்தி எல்லாம் செஞ்சாச்சே" என்ற வாதம் கோர்ட்டில் நிற்காது. பூர்வீக வீட்டை விற்கும்போதும் வாங்கும்போதும் சகோதரிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஹூஸ்டனில் இருக்கும் தங்கையை விட்டுவிட்டுச் செய்த கிரயம் வாங்கியவன் தலையில்தான் விடியும்.

சரி, உயில் எப்படி எழுதுவது? பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். எந்த பாஷையிலும் எழுதலாம். உங்களுக்குப் படித்துப் புரியும் பாஷையில் எழுதுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, அல்லது "இது என் கையெழுத்து" என்று நீங்கள் சொல்லக் கேட்டு, உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் உயிலைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பின்னால் தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். எண்பது வயதுக்காரர் தன் எழுபத்தெட்டு வயது சிநேகிதரை சாட்சியாகப் போட்டால் என்ன பிரயோஜனம்? உங்களைவிட இருபது வயது சின்னவரைப் போடுங்கள். சொத்து அடைகிறவரையும் அவர் மனைவியையும் சாட்சியாக வைக்காதீர்கள். செல்லாது என்பதற்காக அல்ல, சந்தேகத்துக்கு இடம் என்பதற்காக.

அந்தச் சந்தேகம் என்ற வார்த்தைக்குப் பின்னால் நம்மவர் வழக்கு ஒன்றே இருக்கிறது. மைசூர்ப் பக்கம் லக்ஷ்மம்மா என்ற அம்மாள் 1945 ஆகஸ்டில் எழுதியதாக ஒரு உயில். அதைக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்தவர் வெங்கடாசல ஐயங்கார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அவருக்கு. அதைத் தயார் செய்வதிலும் அவர் கை முக்கியமாக இருந்தது. அவருடைய பிள்ளைகளுக்கு அதில் கணிசமான சொத்து. கீழ்க்கோர்ட் ஏற்றது, மைசூர் ஹைகோர்ட் ஏற்கவில்லை, சுப்ரீம் கோர்ட் 1958 நவம்பரில் ஹைகோர்ட் சொன்னதே சரி என்றது. நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் உயில் வழக்கில் எடுத்துக்காட்டாத வக்கீல் கிடையாது. சாராம்சம் இதுதான்: கையெழுத்து உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பலன் பெறுகிறவரே முன்னின்று எழுத வைத்தார் என்றால், சந்தேகத்தைப் போக்க வேண்டிய பாரம் அவர்மேல்.

இதில் நமக்கு என்ன பாடம்? அப்பாவைக் கடைசி நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார வைத்து, பெரிய பிள்ளையே வக்கீலைக் கூட்டி வந்து, தங்கைகளுக்கு ஒன்றுமில்லாமல் எழுத வைத்தால், அப்பாவின் உண்மையான இஷ்டமே அதுவானாலும் கோர்ட் புருவத்தைத் தூக்கும். திடமாக இருக்கும்போது எழுதுங்கள். வயதானவர் என்றால் அன்றைய தேதியில் டாக்டரிடம், புத்தி சுவாதீனமாக இருக்கிறது என்று ஒரு சர்டிபிகேட் வாங்கி வையுங்கள். யாருக்காவது குறைவாகக் கொடுத்தால் காரணத்தை இரண்டு வரியில், கசப்பில்லாமல், எழுதுங்கள். "இளையவனுக்கு டாக்டர் படிப்புக்குச் செலவழித்தேன், ஆகவே வீடு பெரியவனுக்கு" என்ற ஒரு வரி பத்து வருஷ வழக்கை நிறுத்தும்.

ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமில்லை, செய்வது நல்லது. அத்தாட்சி கூடும், தொலைந்தால் நகல் கிடைக்கும். ரிஜிஸ்தர் ஆனதாலேயே உயில் உண்மை என்று ஆகிவிடாது. ரகசியமாக இருக்க வேண்டுமானால் சீல் வைத்த கவரில் ஜில்லா ரிஜிஸ்ட்ராரிடம் டெபாசிட் செய்ய வழி உண்டு. நம்மில் அநேகருக்கு இது தெரியாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். புரொபேட் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சித்தூர், திருப்பதி சொத்துக்கு அது எப்போதும் கட்டாயமாக இருந்ததில்லை, நாம் மதராஸ் ராஜ்யத்தில் இருந்தபோதும்கூட. சென்னை நகரத்துக்குள் சொத்து உள்ளவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி. அதற்குக் காரணமான 213ஆம் பிரிவையும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. தகராறு வரும் என்று தோன்றினால் இஷ்டப்பட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு பெரிய தப்பபிப்பிராயம், நாமினி. "பாங்கில் நாமினி போட்டாச்சு, அப்புறம் எதற்கு உயில்?" நாமினி என்பவர் பாங்கிலிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் அதிகாரம் பெற்றவர், அவ்வளவே. இன்ஷூரன்ஸ் விஷயத்தில் 1983லேயே, ஷேர் விஷயத்தில் 2023 டிசம்பரில், சுப்ரீம் கோர்ட் இப்படித்தான் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பர் முதல் பாங்க் டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரை போடலாம். நாலு பேர் போட்டால் நாலு பேர் வாங்கிக் கொடுப்பவர்கள், உரிமை உயில்படியோ சட்டப்படியோதான்.

உயில் வேண்டாம், இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உயிலைக் கிழித்துப் போடலாம். ரிஜிஸ்தர் ஆன செட்டில்மெண்டை, கொடுத்தவர் தன் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. 2007ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரு வாசல் வைத்திருக்கிறது: என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை பராமரிக்காவிட்டால் டிரிப்யூனல் அதைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022ல் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொன்னது; 2025 ஜனவரியில் ஒரு தாயாரின் வழக்கில் கொஞ்சம் தாராளமாகப் பார்த்தது. கோர்ட்டின் தாராளத்தை நம்பி எழுதாதீர்கள். பத்திரத்திலேயே, "நானும் என் மனைவியும் ஆயுள் உள்ளவரை இதே வீட்டில் வசிப்போம், எங்களைப் பராமரிக்க வேண்டும், தவறினால் இது ரத்து" என்று எழுதச் சொல்லுங்கள். பிள்ளை கோபித்துக்கொண்டால், அதுவும் ஒரு தகவல்தான்.

இனி திருப்பதியில் மனை வாங்குவது. கடைசிக் காலத்தில் பெருமாள் பாதத்தில் இருக்க வேண்டும் என்று டெல்லியிலும் துபாயிலும் இருப்பவர்களுக்கு ஆசை. நல்ல ஆசை. அந்த ஆசையைத்தான் புரோக்கர்கள் விற்கிறார்கள். இந்த ஊர் நிலத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. தேவஸ்தானத்து நிலம், 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலை நிர்வகித்த ஹாதிராம்ஜி மடத்து நிலம், கைங்கர்ய இனாம், ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுத்த அஸைன்டு நிலம், இவை எல்லாம் தனியார் மனைகளோடு கலந்து கிடக்கின்றன. அஸைன்டு நிலத்தை விற்பதை 1977 சட்டம் தடுக்கிறது. கோயில் கைங்கர்யத்துக்காக விட்ட இனாம் கோயிலுடையதே என்று 2013ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நம் அர்ச்சகக் குடும்பங்கள் சில இதில் மாட்டிக்கொண்டு தவிக்கின்றன. தாத்தா காலத்திலிருந்து உழுத நிலம் என்றாலும் விற்க முடியவில்லை. இதைத் தவிர நம்மூரில் சுக்கல பூமி என்று ஒன்று உண்டு. பழைய ரீ-ஸெட்டில்மெண்ட் ரிஜிஸ்தரில் சொந்தக்காரர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் புள்ளிக்காக 2017ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு அந்தச் சர்வே நம்பர் ரிஜிஸ்திரேஷன் சட்டத்து 22-ஏ தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அடங்கலும் 1-பி நகலும் பாருங்கள். லேஅவுட் என்றால் துடா, அதாவது திருப்பதி நகர அபிவிருத்தி ஆணையத்தின் அனுமதி உண்டா என்று நம்பரைக் கேட்டு அங்கேயே விசாரியுங்கள். ஈ.சி. சுத்தமாக இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். நடக்கும் கோர்ட் வழக்கு அதில் தெரியாது. ரிஜிஸ்தர் ஆகாத உயிலும் தெரியாது.

பவர் ஆஃப் அட்டர்னியை நம்பிப் பணம் கொடுப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஜி.பி.ஏ. மூலம் 'விற்றது' விற்பனை ஆகாது என்று 2011ல் சூரஜ் லாம்ப் வழக்கில் முடிந்த விஷயம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, அப்பாவுக்கோ அண்ணாவுக்கோ ரிஜிஸ்தர் செய்யப் பவர் கொடுப்பது வேறு; அது செல்லும். அங்கே இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னாலோ கையெழுத்துப் போட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஸ்டாம்ப் செய்துவிட வேண்டும். கொடுத்தவர் இறந்தால் அன்றே பவர் போயிற்று. அம்மா காலமான பத்தாம் நாள் அம்மா கொடுத்த பவரில் கையெழுத்துப் போட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தோடுதான் போட்டார்கள், பத்திரம் செல்லவில்லை.

வாரிசாக வந்த வீட்டை என்.ஆர்.ஐ. பிள்ளைகள் விற்கும்போது வரி விஷயம் உண்டு. விற்பவர் இங்கே வசிப்பவர் என்றால், ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடிக்கிறார். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த வரம்பும் கிடையாது, அந்த ஒரு சதவீதமும் கிடையாது. மூலதன ஆதாய வரி விகிதத்தில் பிடிக்க வேண்டும். வாங்குபவருக்கு இது தெரியாமல் போனால் நோட்டீஸ் அவருக்கு வரும். குறைவாகப் பிடிக்க இன்கம்டாக்ஸில் முன்கூட்டி சர்டிபிகேட் வாங்கலாம்; ஆடிட்டரை முதலிலேயே பாருங்கள். விற்ற பணத்தை என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே கொண்டு போகலாம். விவசாய நிலத்தை என்.ஆர்.ஐ. வாங்க முடியாது, வாரிசாக அடையலாம். எஸ்டேட் டியூட்டி 1985லேயே போய்விட்டது. அந்தப் பயத்தில் உயிலைத் தள்ளிப்போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

கடைசியாக, எழுதிய உயிலை எங்கே வைப்பது? லாக்கரில் வைத்தேன் என்பார்கள். லாக்கர் அவர் ஒருவர் பெயரில் இருக்கும், நாமினி இருக்காது. லாக்கரைத் திறக்க வாரிசு யார் என்று பாங்க் கேட்கும். வாரிசு யார் என்று சொல்லும் உயில் லாக்கருக்குள் இருக்கும். இந்த வேடிக்கையை என் அனுபவத்தில் மூன்று தடவை பார்த்துவிட்டேன். வீட்டு அலமாரியில் வையுங்கள், இருக்கும் இடத்தை இரண்டு பேரிடம் சொல்லுங்கள்.

டிபன் முடிந்து நாலரை மணி வரை இங்கேதான் இருப்பேன். பழைய தமிழ்ப் பத்திரங்களைக் கொண்டு வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள், படித்துச் சொல்கிறேன். அந்த ஐந்து பேரைத் தவிர மற்றவர்களுக்கு மாதிரி உயில் நகல் மேஜைமேல் வைத்திருக்கிறது. கையெழுத்துப் போடாத அந்த ஆறாவது பெரியவர் மட்டும் தயவுசெய்து என்னைப் பார்க்காமல் போக வேண்டாம். சாட்சிக்கு இந்த ஹாலில் ஆளுக்குப் பஞ்சமில்லை.